ஒரே ரங்கராஜன்

சுஜாதா, வாலி, ரா.கி. ரங்கராஜன், ஞானக்கூத்தன் ஆகிய நால்வரும் ஒரே ஆள் என்பது என் நெடுநாள் சந்தேகம். முதல் மூவரின் இயற்பெயர் ரங்கராஜன். நான்காமவர் ரங்கநாதன். ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியது பேக்கன்தான் என்று அலமாரி அலமாரியாகப் புத்தகம் போட்டவர்களிடம் இதைவிடப் பெரிய சாட்சியம் இருந்ததாகத் தெரியவில்லை.

மேலும் பாருங்கள். சுஜாதாவும் வாலியும் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர்கள். ரா.கி.க்குச் சொந்த ஊர் கும்பகோணம் என்பது வெறும் திசைதிருப்பல்; அங்கே சாரங்கபாணியும் சயனத்தில்தான் இருக்கிறார். ஞானக்கூத்தன் பிறந்த திருஇந்தளூரில் இருப்பவர் பரிமள ரங்கநாதர். காவிரிக்கரையில் படுத்தபடியே பெயரை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்த அந்த ஆசாமி யார் என்பதை ஏழு பிராகாரம் தாண்டிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாம். 2008, 2012, 2013, 2016 என்று நால்வரும் தனித்தனியே காலமானதுகூடச் சந்தேகம் வராமலிருக்கச் செய்த ஏற்பாடுதான்.

துரதிருஷ்டவசமாக, வங்கியில் எனக்குக் கையெழுத்துகளை ஒப்பிடும் வேலை. முன்பு அட்டையில் பார்த்தார்கள், இப்போது திரையில் பார்க்கிறோம். பெயர் பொருந்தினால் போதாது. கோடு எங்கே திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் என் தியரி பத்து நிமிஷம் தாங்காது. சுஜாதாவின் வாக்கியம் பல சமயம் வினைச்சொல்லுக்குக் காத்திராமல் முடிந்துவிடும். வாலிக்கு எதுகை மோனை இல்லாமல் மூச்சு விட முடியாது. ரா.கி. தான் இருப்பதே தெரியாமல் கதை சொல்வார். ஞானக்கூத்தன் செய்யுளின் ஓசையை வைத்துக்கொண்டே அதன் கம்பீரத்தைக் கேலி செய்வார். நான்கு கணக்குகள், நான்கு கையெழுத்துகள்.

உண்மைக் காரணம் சாதாரணமானது. ஸ்ரீரங்கத்தில் எந்தக் கவுன்ட்டரிலிருந்தும் 'ரங்கராஜன்' என்று கூப்பிட்டால் இரண்டு பேராவது எழுந்து வருவார்கள். பெருமாள் பெயர் எல்லோருக்கும் போதவில்லை. 'குமுத'த்தில் ஏற்கெனவே ஒரு ரங்கராஜன் இருந்ததால் எஸ். ரங்கராஜன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். டி.எஸ். ரங்கராஜன் ஓவியர் மாலியை நினைத்து வாலியானார். அந்தக் குமுதம் ரங்கராஜனும் சும்மா இருக்கவில்லை. சூர்யா, ஹம்ஸா, கிருஷ்ணகுமார், மாலதி என்று ஒரே நாற்காலியில் பல பேராக உட்கார்ந்திருந்தார்.

இங்கே தமாஷ் கொஞ்சம் கசக்கிறது. சுஜாதா, ஹம்ஸா, மாலதி எல்லாம் பெண் பெயர்கள். ஆண் எழுதிய கதைக்குப் பெண் பெயர் ஒரு வசீகரம். பிறந்தபோதே சுஜாதா என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு பெண் இன்று எழுத வந்தால் அவளுக்குத் தன் பெயரே கிடைக்காது. எழுத்தாளர் சுஜாதா என்றதும் நமக்குத் தோன்றுவது கண்ணாடி போட்ட ஓர் ஆண்முகம். வீட்டுக்குள்ளிருந்து எடுத்த பெயர் திரும்ப வீட்டுக்குப் போகவில்லை.

இன்னொரு விஷயம் நம்மைப் பற்றியது. 'கணையாழி'யில் கடைசிப் பக்கம் எழுதிய ஸ்ரீரங்கம் எஸ்.ஆரும் இதே எஸ். ரங்கராஜன்தான். புதுக்கவிதையைப் பற்றி அவர் அங்கே சொன்னதைச் சிறுபத்திரிகை வாசகன் மரியாதையோடு படித்தான். தொடர்கதை சுஜாதாவை, படித்ததை மறைத்துக்கொண்டு, ஜனரஞ்சகம் என்று ஒதுக்கினான். எழுதியவர் தன்னை ஒளித்ததாகத் தெரியவில்லை. ஸ்ரீரங்கத்தையும் இனிஷியலையும் போட்டே எழுதினார். ரகசிய அடையாளம் தேவைப்பட்டது வாசகனுக்குத்தான். ஒரே ஆளை இரண்டாக்கி, ஒருவரை ஏற்கவும் மற்றவரை நிராகரிக்கவும் அது வசதியாக இருந்தது. விமர்சனம் என்ற பெயரில் நடப்பதில் பாதி இந்த மாதிரிப் பெயர்ப் பட்டியல்தான். யார் எழுதியது என்று தெரிந்துகொண்டபிறகே கவிதை நன்றாயிருக்கிறதா என்று யோசிக்கிறோம்.

ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் கவிஞர்களின் பெயரை எடுத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து அபிப்பிராயம் எழுதச் சொன்னார். பெயர் பெற்றவர்கள் பலர் அவர்கள் கையில் அடிபட்டார்கள், சாதாரணங்கள் சில பாராட்டு வாங்கின. 1929-இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் அந்தப் புத்தகத்தின் பெயரை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

நம் பத்திரிகைகளில் ஒன்றாவது ஓர் இதழைப் பெயர்களே இல்லாமல் கொண்டுவந்து பார்க்கலாம். நால்வரிடமிருந்தும் அதிகம் தெரியாத பக்கம் ஒவ்வொன்றையும் இடையில் சேர்த்துவிட வேண்டும். என் தியரியைக் கேட்டுச் சிரித்தவர்களில் எத்தனை பேருக்குக் கையெழுத்து அடையாளம் தெரிகிறது என்று பார்ப்போம்.