அப்பா காது

எழுபதைத் தாண்டியதும் அப்பாவுக்குக் காது மந்தமாயிற்று. ரெடிமேடாக ஒரு மிஷின் வாங்கிக் கொடுத்தேன். நுனியில் எல்லார் காதுக்கும் பொதுவான ரப்பர். மாட்டியதும் 'குய்ய்ங்' என்று விசில். அம்மா அதையும் குக்கர் விசிலோடு சேர்த்து எண்ணி அடுப்பை அணைத்ததில், இரண்டு நாள் சாதம் வேகவில்லை. மிஷின் அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் கத்திப் பேசினேன். "ஏன்டா சண்டை போடறே?" என்பார். அப்புறம் அவசியத்துக்கு மட்டும் பேச்சு. ஆபீஸிலிருந்து வந்ததும் 'சாப்டீங்களா' என்று ஒரு சைகை, அதோடு சரி. அவர் ஏதாவது கேட்டால், "இந்த மனுஷனுக்கு எத்தனை தடவைதான் சொல்றது" என்று முகம் மாறாமல் முணுமுணுக்கவும் பழகிவிட்டேன். காது கேட்காதவர் முன்னால் அது ஒரு சௌகரியம்.

போன மாதம் ஒரு ஆடியாலஜிஸ்டிடம் கூட்டிப்போனேன். சின்னப் பெண். பழைய மிஷினைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது அப்பா காதுல சரியா உட்காரலை ஸார். உள்ளே போற சத்தம் சந்து வழியா வெளியே வந்து மறுபடி மைக்குல நுழையுது. கல்யாண மண்டபத்துல ஸ்பீக்கர் பக்கத்துல மைக்கைக் கொண்டுபோனா அலறுமே, அதேதான்."

காதுக்குள் சின்னப் பஞ்சை வைத்து, பிசைந்த சிலிக்கானைப் பிழிந்தார். சில நிமிஷத்தில் இறுகியதை எடுத்தால், முந்திரிப்பருப்பும் நத்தையும் கலந்த மாதிரி ஒரு உருவம். இடது காதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இரண்டும் ஒன்றுபோல இல்லை! எழுபது வருஷம் ஒரே தலையில் குடியிருந்தும்.

முன்பெல்லாம் இந்த அச்சை வைத்துக் கையால் வார்த்து, தேய்த்துச் செய்வார்களாம். இப்போது அச்சை ஸ்கேன் செய்து, மைக் எங்கே, பேட்டரி எங்கே, காற்றோட்டத்துக்கு ஓட்டை எங்கே என்று கம்ப்யூட்டர் திரையிலேயே முடிவு செய்கிறார்கள். பிறகு 3டி பிரின்டர். புற ஊதா ஒளி பட்ட இடத்தில் மட்டும் திரவ ரெசின் கெட்டியாக, மெல்லிய அடுக்கு மேல் அடுக்காகக் கூடு எழும்புகிறது. 1983-ல் அமெரிக்க எஞ்சினியர் சக் ஹல் இந்த வித்தையில் முதலில் செய்து பார்த்தது ஒரு சின்னக் கோப்பை. 2000-க்குப் பிறகு காது மிஷின் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. இன்றைக்குக் காதுக்குள்ளேயே உட்காரும் மிஷின்களில் பெரும்பாலானவற்றின் கூடு இப்படிப் பிறந்ததுதான்.

"தொலைச்சுட்டார்னா?" என்றேன்.

"உங்க அப்பா காது கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு ஸார். இன்னொண்ணு பிரின்ட் எடுத்துடலாம்."

பத்து நாளில் தயார். மாட்டிவிட்டு, எந்தச் சத்தம் அவருக்கு எவ்வளவு கேட்கவேண்டும் என்று அளந்து சரிசெய்தார். விசில் இல்லை. அப்பா மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். "இந்த ஃபேன் இவ்வளவு சத்தம் போடுமா?"

அன்று ராத்திரி, காலையில் கேட்டதையே மறுபடி கேட்டார். "கரண்ட் பில் கட்டிட்டியா?"

பழக்க தோஷம். முணுமுணுத்துவிட்டேன்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். கோபமே இல்லை. "ஒரு தடவை சொன்னாப் போதும்டா. இப்பக் கேக்குது."

"கட்டிட்டேம்ப்பா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.