வத்தலக்குண்டில் ஒரு போல்ட்

2006ஆம் ஆண்டு. நோயுற்ற மூதாட்டி ஒருவரைக் கொடைக்கானலிலிருந்து மதுரை மருத்துவமனைக்கு அம்பாசடர் காரில் அழைத்துச் சென்றோம். மலையிறங்கி வத்தலக்குண்டை அடைந்தபோது எஞ்சின் கொதிக்கலாயிற்று. டைனமோவைப் பிடித்திருந்த போல்ட் விழுந்து, ஃபேன்பெல்ட் தளர்ந்திருந்தது.

பட்டறை இளைஞர் 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றைத் திருகினார். இரண்டு சுற்று ஏறி, இறுகி நின்றது.

“முறுக்காதே தம்பி, மரை போய்விடும். இது அங்குல வண்டி,” என்று தடுத்தார் முதிய மெக்கானிக்.

அம்பாசடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்தது. அதன் 5/16 அங்குல போல்ட் 7.94 மில்லிமீட்டர், பார்வைக்கு எட்டேதான்! மரையின் நெருக்கமோ வேறு. போல்ட்டின் தலை அரை அங்குலம், அதாவது 12.7, 13ஆம் எண் ஸ்பானர் அதன் விளிம்பை மழுக்கிவிடும்.

1841இல் விட்வொர்த் வகுத்த ஆங்கிலேய மரை 55 பாகை; அமெரிக்கருடையது 60. உலகப்போரில் இடர்ப்பட்ட பின், 1948இல்தான் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே மரைக்கு இசைந்தன. அதுவும் அங்குலத்தில்! நம் நாடோ 1956இல் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் இயற்றிற்று. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டவர் பின்னிருக்கை மூதாட்டி.

பெரியவர் பழைய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார். நான்காவதாக எடுத்த போல்ட் விரலாலேயே இறுதிவரை ஏறியது.

“கிளம்பலாமா சாமி?” என்றார் மூதாட்டி. விளக்கு வைக்கும் வேளையில் மதுரை சேர்ந்தோம்.