புதுச்சேரி வாசல்

செஞ்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ராஜகிரி உச்சியைக் குறிவைத்தே போகிறார்கள். 800 அடி ஏறி இறங்கினால் கால் கெஞ்சும். அப்புறம் கீழே வாசலை யார் பார்ப்பார்கள்? எனக்கோ கிழக்கு மதிலில் இருக்கும் புதுச்சேரி வாசல்மேல்தான் கண். காரைக்கால்காரனுக்கு அந்தப் பெயரில் ஒரு சொந்தம் உண்டு.

எங்கள் பட்டினச்சேரியில் மணலும் வண்டலும்தான். மலை என்பதே கிடையாது. பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்துக்குப் பெயர் தந்த திருமலைராயனின் கோட்டை வாசல் எங்கே என்று கேட்டால் எங்களுக்குக் காட்டத் தெரியாது. காளமேகப் புலவர் அறம் பாடி மண்மாரி பெய்வித்த கதையைத்தான் சொல்வோம். (டெல்டாவில் ஓர் ஊரை மண் மூடச் சாபம் எதற்கு, சில வெள்ளங்கள் போதாதா என்பது என் கட்சி.)

செஞ்சி கல் ஊர். வந்தவரெல்லாம் மதிலைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை கதவை வெடி வைத்துத் தகர்த்து, ஒரே இரவில் மூன்று மலைகளையும் பிடித்தது. விடிந்ததும், இதிலா ஏறினோம் என்று அவர்களே மலைத்துப் போனார்களாம். புதுச்சேரி வாசலைப் பிறகு பலப்படுத்தியதும் அவர்கள்தான் என்கிறார்கள். உடைத்து நுழைந்தவனுக்குத்தானே ஓட்டை தெரியும்!

கூட வந்த மச்சான் கடலுக்குப் போகிறவர். வாசலுக்குள் பாதை நேரே போகாமல் மடங்குவதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“மாப்ள, இது தூண்டில் வளைவுல்ல!”

அலை நேரே வந்து கரையை அடிக்காமலிருக்கக் கடலுக்குள் கருங்கல் கொட்டி வளைத்திருப்பார்களே, அதைச் சொன்னார். கோட்டைக் கட்டுமானத்தை எனக்கு எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாக விளக்கியதில்லை. யானையானாலும் குதிரையானாலும் ஓடிவந்த வேகத்தில் கதவில் மோத முடியாது. திரும்புகிற இடத்தில் வேகம் செத்துவிடும். மதில்மேல் நிற்பவனுக்கு அதுதான் வேண்டும்.

ஆனாலும் வாசல் காப்பாற்றவில்லை. 1760 ஏப்ரலில் காரைக்கால் ஆங்கிலேயரிடம் போனது, 1761 ஜனவரியில் புதுச்சேரி போனது, ஏப்ரலில் செஞ்சியும் சரணடைந்தது. உதவிக்கு வர வெளியே ஆளில்லை என்றான பிறகு, கெட்டியான வாசல் உள்ளே இருப்பவனைத்தான் அடைத்துவைக்கிறது. போதாததற்குக் காய்ச்சல், செஞ்சியில் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களை அது வாரிக்கொண்டு போனது. காரைக்கால் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து 1954 வரை இருந்தது. செஞ்சி வரவேயில்லை.

2025 ஜூலையில் மராட்டியப் படைத்தலங்களின் வரிசையில் செஞ்சியையும் யுனெஸ்கோ சேர்த்துக்கொண்டது. மராட்டியர் கையில் அது இருந்ததென்னவோ 1677 முதல் 1698 வரைதான். பட்டியலில் இடம் கிடைத்ததே, போகட்டும்.

மச்சானுக்கு வாசலோடு மனசு ஆறவில்லை, மேலேயும் போனோம். உச்சிக்குச் சற்று முன்னால் பாறையில் 24 அடி அகலத்துக்கு ஒரு பிளவு, 60 அடி ஆழம், குறுக்கே பாலம். எட்டிப் பார்த்துக் கண்ணாலேயே அளந்தார்.

“நம்ம ஃபைபர் போட்டைக் குறுக்கால போட்டா தாண்டிரலாம்.”

“போட்டை இவ்வளவு உயரத்துக்கு யாரு மச்சான் தூக்கிட்டு வர்றது?”

“மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாளையே தோள்ல தூக்குறோம். இதைத் தூக்க மாட்டமா?”