கட்டத்துள் மறைந்த எழுத்து

எழுத்திற்கு ஒலிவடிவு, வரிவடிவு என இரு வடிவு உண்டென்பது நம் இலக்கண ஆசிரியர் கொள்கை. கல்லிலும் ஓலையிலும் தாளிலும் வரிவடிவு காலந்தோறும் வேறுபட்டு வந்துளதாயினும், அகரம் அகரமாகவே நிலைபெற்றுள்ளது. இக்காலத்துக் கணிப்பொறியோ இவ்விரண்டனோடு எண்வடிவு என்னும் மூன்றாவதொன்றையும் கூட்டியிருக்கின்றது. ஒருங்குறி என்னும் உலகப் பொதுமுறையில் ஒவ்வோர் எழுத்திற்கும் ஓர் எண் உண்டு. அகரத்தின் எண் 2949. கணிப்பொறி தன்னகத்தே காத்துவைப்பது இவ்வெண்ணையே. அதற்குரிய வரிவடிவைத் தருவது எழுத்துரு எனப்படும் வேறொரு கோப்பு. எண் இருந்தும் வரிவடிவு இல்லையாயின் நேரும் இடர்ப்பாட்டையும், அதனை நீக்கும் நெறியையும் ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றேன்.

சென்ற ஆண்டில் எம் தமிழ்த்துறை மாணாக்கர் சிலர், ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையில், ஒரு சிற்றூர்ச் சபையின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காணிக்கைக் கணக்கைப் பெயர்த்தெழுதினோம். இப்பணிக்கு எக்ஸ்.எம்.எல். என்னும் முறையைக் கைக்கொண்டோம். 1998-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற இம்முறையில் நூலின் பொருள் ஒருபுறமும் அதன் தோற்றம் மற்றொருபுறமும் நிற்கும். இது பெயர், இது நாள், இது அளவு என ஒவ்வொன்றற்கும் குறியிட்டு வைத்துவிட்டால், ஒரே மூலத்தினின்று அச்சுப் புத்தகமும், பி.டி.எஃப். ஏடும், வலைப்பக்கமும் வேண்டியவாறு ஆக்கிக்கொள்ளலாம்.

முதன்முதல் ஆக்கிய பி.டி.எஃப். ஏட்டைத் திறந்து நோக்கியபோது, கொடுத்தவர் பெயர்களெல்லாம் செவ்வனே விளங்கின. கொடுத்த அளவுகள் மட்டும் விளங்கவில்லை. பழங் கணக்கர் அளவுகளைச் சொல்லால் எழுதாது குறிகளால் எழுதினர். முந்திரிக்கும் காணிக்கும் மாவுக்கும் தனித்தனிக் குறி உண்டு; அவை முறையே 320-இல் ஒரு பங்கும், 80-இல் ஒரு பங்கும், 20-இல் ஒரு பங்கும் ஆம். நெல்லுக்கும் உழக்குக்கும் குறுணிக்கும் பதக்குக்கும் அவ்வாறே குறிகள் உள. இவை அனைத்தும் நின்ற இடங்களில் வெற்றுக் கட்டங்கள் நின்றன. ஒரு பக்கத்தில் கைம்பெண் ஒருத்தியின் பெயர் இருந்தது. அதற்கு நேரே இரண்டு கட்டங்கள் இருந்தன. மூலத்தில் அவ்விடத்து இருந்தவை நெல், உழக்கு என்னும் இரு குறிகள். அவள் அளித்தது காற்படி நெல். செல்வர் ஒருவர் அளித்த ரூபாய்த் தொகை இலக்கத்தில் எழுதப்பட்டமையால் குறைவின்றி அச்சாயிற்று. ஏழையின் காணிக்கை காணாமற் போயிற்று.

இதன் காரணம் யாது? நாம் நாளும் வழங்கும் தமிழெழுத்துக்களுக்கு ஒருங்குறியில் 2944 முதல் 3071 வரையுள்ள இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. மேற்சொன்ன பழங்குறிகளோ 2019-ஆம் ஆண்டு வெளிவந்த 12-ஆம் பதிப்பிலேயே, 51 குறிகள் கொண்ட தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுள் முதலாவதாகிய முந்திரியின் எண் 73,664. இத்துணைத் தொலைவில் இருப்பவற்றிற்குப் பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் வடிவம் இல்லை. இல்லாத வடிவத்தைக் கேட்டால், எழுத்துரு அதற்கென்றே சுழியம் என்னும் எண்ணிட்டு வைத்துள்ள வடிவத்தை நீட்டும், அதுவே கட்டம். அப்பாச்சி எஃப்.ஓ.பி. போன்ற பக்கமாக்கும் செயலிகள் கட்டத்திற்குப் பதிலாக ஹாஷ் குறியை இட்டு, எச்சரிக்கை ஒன்றையும் பதிவு செய்யும். வெண்ணிறச் சோயாக் கட்டிகளை ஒத்திருத்தலால் இக்கட்டங்களை ‘டோஃபு’ என்று கேலியாகக் கூறுவர். ‘டோஃபு இல்லை’ என்னும் பொருளிலேயே நோட்டோ எழுத்துருக் குடும்பம் பெயர்பெற்றது.

இக்குறிகள் திரையில் மட்டும் தெரிந்தமை எங்கட்கு முதலில் வியப்பளித்தது. எழுதும் செயலி, தன் எழுத்துருவில் வடிவம் இல்லையாயின், கணிப்பொறியிலுள்ள பிறவற்றைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். பக்கமாக்கும் செயலியோ நாம் பெயர்சொல்லிக் கொடுத்தவற்றை மட்டுமே நோக்கும்.

அப்போது உடன் பயிலும் அன்பர் ஒருவர், குறிகளை நீக்கிவிட்டு அவ்விடங்களில் ‘உழக்கு’, ‘மா’ என்று சொல்லாக எழுதிவிட்டால் ஒரு மாலைப்பொழுதில் வேலை முடியும் என்றார். இக்காலத்தார்க்கு அக்குறிகளைப் படிக்கத் தெரியாதே என்றும் கூறினார். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், எழுத்துருவின் குறைக்காக மூலத்தைத் திருத்துவது, செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவதை ஒக்கும். தரங்கம்பாடி மிஷனெரிமாரின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் அச்செழுத்துக்கள் மிகப் பெரியனவாயிருந்தன. கையிலிருந்த தாளோ சிறிது. சீகன்பால்கு ஐயரும் அவருடன் உழைத்தோரும் வேத புத்தகத்தைச் சுருக்கவில்லை. சிறிய எழுத்துக்களைப் புதிதாக வார்ப்பித்து, 1715-ஆம் ஆண்டில் புதிய ஏற்பாட்டை முடித்தனர்.

ஆகவே யாங்கள் மேற்கொண்ட முறை பின்வருமாறு. முதலாவது, மூலக் கோப்பில் எண்கள் பிழையின்றி உள்ளனவா என்று சரிபார்த்தோம். எண்ணே தவறாயின் எவ்வெழுத்துருவும் உதவாது. இரண்டாவது, அக்குறிகளுக்கு வடிவம் தரும் ‘நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட்’ என்னும் எழுத்துருவைப் பெற்று, அது வைக்கப்பட்டுள்ள இடத்தைச் செயலியின் அமைப்புக் கோப்பில் குறித்தோம். மூன்றாவது, நடைத்தாளில் ஓர் எழுத்துருவை மட்டும் கூறாது, முதலாவதில் இல்லாததை இரண்டாவதில் தேடுமாறு வரிசையாகக் கூறினோம். நான்காவது, எழுத்துரு ஏட்டினுள்ளேயே பொதிந்து செல்லுமாறு செய்தோம். இல்லையேல் பிறர் கணிப்பொறியில் மீண்டும் கட்டமே தோன்றக்கூடும். இறுதியில், செயலி தந்த எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக நோக்கி, ஒன்றும் எஞ்சாதவரை மீண்டும் மீண்டும் ஆக்கினோம்.

படிக்க இயலாதார்க்கும் வழியுண்டு. டி.இ.ஐ. எனப்படும் குறியீட்டு நெறியில் மூலவடிவையும் அதற்கு இக்கால வடிவையும் அருகருகே வைத்துக் குறிக்கலாம். அதனால் கணக்கர் எழுதிய குறியும் நின்றது; அதன் பக்கத்தில் ‘உழக்கு’ என்னும் சொல்லும் நின்றது. ஒருங்குறியில் இன்னும் இடம்பெறாத குறி எதிர்ப்படினும், அதனை விவரித்துப் பெயரிட்டு வைப்பதற்கு அந்நெறியிலேயே ஒரு பகுதி உண்டு. அப்பகுதியின் பெயர் ‘கைஜி’. தொகுதிக்குப் புறத்தேயுள்ள எழுத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் அது.

இவ்வளவு உழைப்பும் ஓர் உழக்கு நெல்லுக்கோ என்று நகைப்பாரும் உளர். காணிக்கைப் பெட்டியில் ஏழை விதவை இட்ட இரண்டு காசை நம் ஆண்டவர் கண்டு பாராட்டினார். அச்செய்தி எழுதப்பட்டமையாலன்றோ நாம் அதனை அறிகின்றோம்? பழைய ஏடுகளைக் கணிப்பொறியில் ஏற்றும் பணி இனி நம் தலைமுறையின் கையில் இருக்கின்றது. கட்டம் தோன்றுமிடத்து எழுத்து அழிந்ததென்று எண்ணற்க. அஃது எண்ணாய் உள்ளிருந்து தன் வடிவுக்குக் காத்திருக்கின்றது. அவ்வடிவைத் தேடிக் கொணர்ந்து சேர்ப்பது, தமிழ் பயிலும் நம்போன்றார் கடன்.