தடியா, குச்சியா, கதாயுதமா?

போன வாரம் திண்டிவனத்தில் படிக்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். விடுதியில் கையெழுத்து இதழ் நடத்துகிறார்கள். அதற்காக ஆஸ்திரேலியத் தொல்குடி மக்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணா, ஒரு வார்த்தைல மாட்டிக்கிட்டேன். அவங்க கையில வச்சிருக்கிற மரத்தடிக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு இருக்குது. அத வாடின்னு எழுதறதா, வட்டின்னு எழுதறதா?"

"வட்டின்னு எழுதாத தம்பி. நம்ம காலனியில அந்த வார்த்தையக் கேட்டா குழுக் கடன்காரன் வந்துட்டான்னு கதவ சாத்திப்பாங்க" என்றேன். வாடி என்றாலும் குழப்பம்தான். கடலோரத்தில் வாடி என்றால் கருவாடு காயப்போடும் இடம். மரம் விற்கும் இடம் மரவாடி. ஆங்கிலேயர்களே அதை ஒழுங்காக எழுதியதில்லை, கடைசி எழுத்தை ஆளுக்கொரு விதமாக மாற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். சரி, தமிழில் அர்த்தம் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டேன்.

"அகராதியில கதாயுதம்னு இருந்துச்சு, அதையே போட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபமும் வந்தது. பீமன் தோளில் வைத்திருப்பது கதாயுதம். சிட்னி பக்கத்துக் காட்டில் ஒருவர் வேட்டைக்கு எடுத்துப்போன கட்டைக்கு அந்தப் பெயர் எதற்கு?

வாடி என்பது சிட்னி பகுதியில் வாழ்ந்த தாருக் மக்களின் சொல். மரம், கம்பு, தடி எல்லாவற்றுக்கும் அவர்களிடம் அது பொதுவான வார்த்தை. 1788இல் வெள்ளையர்கள் அங்கே இறங்கியதும் அந்த மொழியின் சொற்கள்தான் முதலில் ஆங்கிலத்துக்குப் போயின. பூமராங் அப்படிப் போனது. நல்லா நல்லா என்று தடிக்கு இன்னொரு பெயரும் போனது. அதைச் சிலர் இந்தியாவில் ஓடைக்கு எழுதும் 'நாலா'வின் எழுத்துக்கூட்டலிலேயே எழுதினார்கள். ஒரு காலனியில் பழகிய எழுத்தை அடுத்த காலனியில் ஒட்டிக்கொண்டார்கள் போல. அந்த மக்கள் தடியை எறிந்து வேட்டையாடினார்கள், சண்டையும் போட்டார்கள், தீக்கடையவும் வைத்துக்கொண்டார்கள். ஆங்கில அகராதியில் அது முதலில் ஆயுதம். கருவியாக வாழ்ந்த ஒரு பொருள் பதிவேட்டுக்குள் போனதும் ஆயுதமாகிவிட்டது.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. வளரி என்கிறோமே, வளைந்த எறிதடி, அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் தெரியுமா? 'காலரி ஸ்டிக்'. கள்ளர் என்பதை வெள்ளைக்காரன் எழுதிய லட்சணம் அது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், அந்தத் தடியை எறியத் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதுகிறார். அந்தச் சின்ன மருதுவை 1801இல் கம்பெனி தூக்கில் போட்டது. 1886இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் காலரி ஸ்டிக் தனிச் சொல்லாகவே ஏறிவிட்டது. அதே அகராதியில்தான் பறையர் என்ற பெயர் 'பரையா' ஆகி உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கும் உலகத்தில் எந்த நாட்டை ஒதுக்கினாலும் ஆங்கிலப் பத்திரிகைகள் நம் பெயரைச் சொல்லித்தான் ஒதுக்குகின்றன.

இப்போது முகநூலில் வளரி படத்தைப் போட்டு 'எங்கள் குலத்து ஆயுதம்' என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். வெள்ளைக்காரன் ஒரு தடியின் மேல் சாதிப் பெயரை எழுதினான். அதை அழிக்காமல் மேலே வர்ணம் பூசிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுத்துப்பிழையும் உண்டு. வளைந்த தடி என்றால் வளைதடி. வினைத்தொகை, ஒற்று மிகாது. 'வளைத்தடி' என்று எழுதினால் வளைக்கான தடி என்று ஆகிவிடும், எலி வளையில் விட்டுக் குத்தும் தடியாகிவிடும். கழுவேலி ஏரிப் பக்கம் எங்கள் இருளர் சொந்தங்களிடம் காட்டினால் இந்த இரண்டாவதைத்தான் சரி என்பார்கள்.

ஒற்றுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று நினைப்பீர்கள். ஒரு சொல்லால் நான் கெடுத்த வழக்கு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, உப்பளத்தில் வேலை செய்த எங்கள் தெரு அண்ணன் ஒருவர் பாக்கிக் கூலியைக் கேட்டார். மேஸ்திரி சாதிப் பெயரைச் சொல்லித் திட்டிவிட்டு, உப்பு வாரும் பலகையின் கழியை உருவி அடித்தார். தலையில் 6 தையல். தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான். புகாரை நான்தான் எழுதினேன். 'அசிங்கமாகப் பேசி, குச்சியால் அடித்தார்' என்று எழுதினேன். சாதிப் பெயரைத் தாளில் எழுதக் கூச்சமாக இருந்தது. கழியைக் குச்சி என்று எழுதியதற்கு எந்தக் காரணமும் இல்லை. அப்போது அது எனக்கு ஒரு சொல், அவ்வளவுதான்.

காவல் நிலையத்தில் மனு ரசீது மட்டும் கொடுத்தார்கள். கேட்டபோது, "குச்சின்னு நீதானே எழுதியிருக்க" என்றார் அங்கிருந்தவர்.

பிறகு ஒரு வழக்கறிஞர் தோழர்தான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அன்றைய தண்டனைச் சட்டத்தில் 323 சாதாரணக் காயம். நீதிமன்ற அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றம். ஆயுதமாகப் பயன்படுத்தினால் உயிர் போகக்கூடிய பொருளால் அடித்திருந்தால் 324. அதற்குப் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். 2024 ஜூலை 1 முதல் நியாய சன்ஹிதாவில் இவை 115(2), 118(1). "குச்சியால எவன் சாவான்? எத்தனை அடி நீளம், எவ்ளோ கனம், எந்த மரம், எந்த இடத்துல அடிச்சான், எல்லாத்தையும் எழுதணும். திட்டினத திட்டின வார்த்தையிலயே எழுதணும்" என்றார். அசிங்கம் என்று நான் மூடி வைத்த அந்தச் சொல்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு வாசல். அதை நானே சாத்திவிட்டேன்.

புகார் எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு இன்னொன்று. வாய்மொழியாகச் சொன்னாலும் அதை எழுத்தில் பதிந்து, சொன்னவருக்குப் படித்துக்காட்டி, நகலை இலவசமாகத் தரவேண்டும். 1995 வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 5ஆம் விதி. படித்துக்காட்டும்போது தடி தடியாக இருக்கிறதா, கம்பாகச் சுருங்கிவிட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். நாம் அடிபட்டால் குச்சி. நம்மைப் பிடித்துப்போனால் நம் கையிலிருந்த மண்வெட்டிக் காம்பு பயங்கர ஆயுதம்.

அந்த அண்ணன் வழக்கு கடைசியில் சமாதானமாகப் பேசி முடிக்கப்பட்டது. அவர் என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தம்பியிடம் கதாயுதத்தை அடித்துவிட்டு 'வாடி என்னும் தடி' என்று எழுதச் சொன்னேன். முதல் முறை மட்டும் தாருக் மக்களின் சொல் என்று சேர்க்கச் சொன்னேன். பேசியதையெல்லாம் அம்மா திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடம் உப்பு வாரிய கை.

"அது இன்னா மரத்துல செய்வாங்க?" என்றார்.

பல மரங்களில் செய்வார்கள், சவுக்கின் சொந்தக்கார மரங்களிலும் செய்வார்கள் என்றேன். நம் கடற்கரையில் நட்டிருக்கும் சவுக்கே வட ஆஸ்திரேலியாவிலும் இயற்கையாக வளர்வதுதான், வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்காக இங்கே நட்டார்கள் என்றும் சொன்னேன்.

அம்மா உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "எங்க பலகைக்குப் போட்ட கழியும் சவுக்குதான். காஞ்சா கல்லு மாதிரி. அதால அடிச்சா சவுக்குக் கட்டையால அடிச்சான்னுதானடா எழுதணும்."