வாடுவதற்குள் ஒரு விலை

காதலர் தினம் நெருங்கினால் ஓசூர் ரோஜாவுக்குப் பத்திரிகைகளில் நான்கு வரி கிடைக்கும்: விலை ஏறியது, இறங்கியது, ஏற்றுமதி குறைந்தது. அப்படி ஒரு செய்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நண்பர், பாகலூர்ப் பக்கம் பசுமைக்குடில் வைத்திருக்கும் தன் உறவினரிடம் என்னை அழைத்துப் போனார்.

வெயில் ஏறுமுன் அறுவடை. 'தாஜ்மகால்' என்னும் சிவப்பு ரகம். வெளியிதழ் லேசாக விலகும் பதத்தில் வெட்டி, கையோடு பக்கெட் தண்ணீரில் வைக்கிறார்கள். மருந்து, உரக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு நான் கொட்டகையில் தரம் பிரிக்கும் அக்காவிடம் போய் நின்றேன்.

கெலமங்கலத்துக்காரர். தடித்த கையுறையால் தண்டின் அடியிலைகளை ஒரே இழுப்பில் உருவினார். "தண்ணிக்குள்ள இலை கிடந்தா அழுகிரும் சார். அப்புறம் பூ தலையத் தொங்கப் போட்டுரும்." அழுகலில் பெருகும் பாக்டீரியா தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும், தண்ணீரிலேயே நின்றாலும் பூ தாகத்தில் வாடும்.

அவருடைய கத்தரியை வேறு யாரும் தொடக்கூடாது. மொக்கைக் கத்தரி தண்டை நசுக்கிவிடுமாம். பிளீச்சிங் தண்ணீரில் அதைக் கழுவி, தண்டின் அடிநுனியை நீருக்குள் அமிழ்த்திச் சாய்வாக நறுக்கினார். சின்னக் குமிழ் ஒன்று மேலே வந்தது. காற்றில் வெட்டினால் அந்தக் காற்றே குழாய்க்குள் புகுந்து வழியை மறித்துவிடும். பிறகு நீளவாரியாக 20 தண்டுகளை ஒரு கட்டாக அட்டையில் சுற்றி, 2 முதல் 4 டிகிரிக் குளிரறைக்கு அனுப்பினார்.

வீட்டுக்கும் வழி சொன்னார்: தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், அப்போதெல்லாம் நுனியைக் கொஞ்சம் நறுக்க வேண்டும், பழுத்த வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் மூப்படையச் செய்யும்.

பக்கத்துத் தோட்டக்காரரிடம் குளிரறை இல்லை. அவருடைய பூவும் அதே ரகம்தான். வியாபாரி வந்தார், கட்டுகளைப் புரட்டினார், அடிமாட்டு விலை கேட்டார். "நாளைக்கு இதை யார் வாங்குவா?" என்றார். தோட்டக்காரர் வாய் திறக்கவில்லை. வாடும் பூவைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் பேரம் பேசுவது?

எனக்கு ஆத்திரம் பொங்கியது. வியாபாரி அங்கே பூவை எடைபோடவில்லை. அந்த மனிதர் இன்னும் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிப்பார் என்றுதான் எடைபோட்டார். பூவின் ஆயுளை நாள்கணக்கில் நீட்டும் அக்காவுக்கும், கட்டு என்ன விலைக்குப் போனாலும் அதே தினக்கூலிதான். தங்கு தடையற்ற மின்சாரத்தோடு ஊருக்கு ஒரு பொதுக் குளிரறை வேண்டும். அதன் சாவி சிறு விவசாயிகளின் கையில் இருக்க வேண்டும். "இன்னிக்கு இந்த விலைக்குத் தர முடியாது, போய் வா" என்று வியாபாரியிடம் சொல்லும் தைரியம் அவர்களுக்கு அப்போதுதான் வரும்.