பால் வேண்டாமென்னும் பிள்ளை

பால் குடியாத பிள்ளையுள்ள வீட்டில் காலை வேளை எவ்வாறு கழியும் என்பதைத் தாய்மார்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. எமது பேரனுக்கு வயது ஐந்து. பால் நிறைந்த கோப்பையைக் கண்ட மாத்திரத்தில் வாயை இறுக மூடிக்கொள்வான். அவன் கைக்குழந்தையாயிருந்த 2022ஆம் ஆண்டில், நாடு நெருக்கடியிற் சிக்கியிருந்தபோது, ஒரு பொதிப் பால்மாவுக்காக வெயிலில் வரிசையில் நின்றவள் எமது மகள். அதை அவன் தட்டிவிடுவதைக் காண அவளுக்குக் கண் கலங்கும். ஒருநாள் மூக்கைப் பிடித்து ஊற்றவும் முனைந்தாள். நாம் குறுக்கே நின்றோம்.

பிள்ளைக்கு இன்றியமையாதது பாலன்று. பாலிலுள்ள கல்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்தே. உடம்பிலுள்ள கல்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலுமே உறைகின்றது. நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் தேவையென உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் 2004இல் வெளியிட்ட நூல் கூறுகின்றது. அதனை உடல் ஏற்க உயிர்ச்சத்து டீ வேண்டும். அது வெயிலிற் கிடைப்பது. குருக்கள்மடத்தில் வெயிலுக்கு என்றுமே பஞ்சமில்லை.

கிழக்கே கடல், மேற்கே வாவி. நடுவே எமது ஊர். இங்கே கல்சியத்துக்குத் தகரப் பேணியை நம்பியிருப்பானேன்?

முதலில் முருங்கையிலைச் சுண்டலை வைத்தோம். அரிசியிற் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வோர் இலையாய்ப் பொறுக்கி ஒதுக்கினான். குரக்கன் பிட்டை "மண் பிட்டு" என்றான். நூறு கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு, அரிசியிலோ பத்தளவே. ஆயினும் ஐந்து வயதுக்காரனிடம் கணக்கு எடுபடுமா? அதே மாவைத் தேங்காய்ப்பூவுடன் குழைத்து, அவன் உள்ளங்கையளவில் ரொட்டியாகச் சுட்டு, எதுவும் பேசாமல் அடுப்படியில் வைத்தோம். இரண்டு காணாமற் போயின.

மீன் விடயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பிள்ளைமேல் வைத்த அன்பினால் பெரிய மீனின் முள்ளையெல்லாம் எடுத்துவிட்டுச் சதையை ஊட்டுகின்றோம். கல்சியம் இருப்பதோ அந்த முள்ளில்! ஆகவே நெத்தலியே தக்கது. தலையைக் கிள்ளி, மொறுமொறுவெனப் பொரித்தால் முள் தெரியாது; முழுதாக மென்று தின்னலாம். கருவாடாயின் நீரில் ஊறவிட்டு உப்பைப் போக்குதல் நன்று. கூனியை வறுத்து இடித்துச் சம்பலிற் சேர்த்தாலும் பயனுண்டு. உறைப்பு மட்டும் குறைய வேண்டும்.

தயிர்தான் எமக்குப் பெரிய துணையாயிற்று. படுவான்கரையில் எருமைப் பட்டிகள் உண்டு. எருமைப் பாலில் பசும்பாலிலும் கல்சியம் மிகுதி. பால் குடித்தால் வயிறு பொருமும் பிள்ளைகள் சிலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். ஒரு ஞாயிறு காலை அம்பிளாந்துறையிலிருந்து வாவியைக் கடந்து வரும் பாதையைப் பார்க்கப் பேரனைத் துறைக்கு அழைத்துச் சென்றோம். இறங்கியவர் ஒருவரிடம் தயிர்முட்டி வாங்கி, "நீ பிடி மனே, விழுத்திப் போடாத" என்று அவன் கையிற் கொடுத்தோம். வீடுவரை மூச்சடக்கி நடந்தான். தன் முட்டியென்ற உரிமையில் மூடியைத் தானே அவிழ்த்து, ஏட்டை விரலால் வழித்து வாயில் வைத்தான். பாணி ஒரு கரண்டி போதும். அதற்குமேல் விட்டால் பல்லுக்குக் கேடு.

வளைந்த கால், தளர்ந்த நடை போன்ற குறி தென்படின் சமையலறை வைத்தியம் போதாது. டாக்டரிடம் காட்ட வேண்டும். மாத்திரையும் அவர் சொன்னால் மாத்திரமே.

மகள் இப்போது பாற்கோப்பையைத் தேடுவதில்லை. பால்மாப் பொதி பெரியவர்களின் தேநீருக்குப் பயன்படுகின்றது. பேரன் நேற்றுக் கேட்டது வேறொன்று: "அம்மம்மா, எருமைக்கு முட்டிய ஆர் கொடுத்த?"